இருமுறை வடித்த சேனை

சேனைக்கிழங்கின் சாரத்தை நீக்கிச் சமைக்கும் முறையை நான் முதுமையில் கற்றேன். தோலைச் சீவி, விரல் நகமளவு சிறு துண்டங்களாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் ஊறவிட வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, பெரிய பாத்திரத்தில் நீர் நிறைய வார்த்துக் கொதிக்கவைத்து, அந்நீரையும் வடிக்க வேண்டும். மீண்டும் புதுநீரில் வேகவைத்து, அதையும் வடிக்க வேண்டும். கிழங்கிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்புச் சத்து இவ்வாறு நீரோடு போய்விடும் என்பது மருத்துவக் கருத்து. அதனோடு வேறு என்னென்ன போகின்றன என்பதை மருத்துவர் சொல்லவில்லை. என் மனைவி சொன்னாள்.

அந்தமானின் புரோத்ராபூரில் எங்கள் வீடு ஒரு சரிவின் மேல் இருக்கிறது. பின்புறம் நிலம் இறங்கி ஓர் ஓடையில் முடிகிறது. நான் தமிழ்நாட்டிலிருந்து பணி நிமித்தம் இத்தீவுக்கு வந்து, பள்ளியில் தமிழ் பயிற்றுவித்து, ஓய்வு பெற்ற பின்னும் திரும்பிச் செல்லாமல் தங்கியவன். அவள் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். சிறுமியாக இருக்கையில் பெற்றோருடன் கப்பலேறிவந்து, நிக்கோபார் பகுதியிலுள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவள். எங்கள் திருமணத்தின்போது அவள் கொண்டுவந்த சீர்ப்பொருள்களுள் குழம்புக்கு மணமூட்டும் ரம்பை இலைச் செடி ஈரச்சாக்கில் சுற்றியபடியும், மஞ்சள் கிழங்குகளும், மிளகுக்கொடித் துண்டுகளும் இருந்தன. அன்று என் உறவினர் நகைத்தனர். அந்த மிளகுக்கொடி இன்று எங்கள் பலாமரத்தை முழுதும் மூடியிருக்கிறது.

இத்தீவில் பருவம் என்பது மழையும் மழை ஓய்ந்த காலமுமே. மழை தொடங்கிக் கடல் கொந்தளித்துவிட்டால் கப்பல் பிந்தும். அருகிலுள்ள டாலிகஞ்ச் கடைகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அருகிப்போகும். கடைக்காரர் எதைக் கேட்டாலும் "ஷிப் வரலே" என்ற ஒரே விடையைக் கூறுவார். அந்நாள்களில் எங்கள் வீட்டு அடுப்புக்கு மட்டும் குறை வந்ததில்லை. சேம்பின் தண்டு, முருங்கைக்கீரை, வாழைப்பூ, ஓடையோரம் தானே மண்டிக்கிடக்கும், கொத்தமல்லி மணமுள்ள பர்மா தனியா என்று அவள் ஒவ்வொன்றாகக் கொய்து வருவாள். கோடையில் இளம்பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பாள். மார்கழியில் சேனையின் தண்டுகள் மஞ்சள் பூத்துத் தாமே மண்ணில் சாயும். சாய்ந்த பின் சில நாள் பொறுத்துத் தையில் தோண்டுவோம்.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. நட்ட கைக்கே முதல் வாய். யார் நட்டாரோ அவர் ஒரு வாய் உண்ட பிறகே வீட்டில் மற்றவர் உண்ணலாம். பகல் முழுவதும் பிறருக்காகக் கொழுந்து பறித்தவர்களுக்கு, அவர்கள் குடியிருந்த லயம் என்னும் வரிசைவீட்டின் பின்னால் கிடைத்த கையகல நிலம் ஒன்றே தம்முடையது. அங்கே பிறந்த வழக்கம் அது. எங்கள் வீட்டில் அனைத்தையும் நட்டவள் அவளே ஆகையால், ஒவ்வொரு விளைச்சலுக்கும் நானும் மகளும் தட்டின் முன் கைகட்டி அமர்ந்திருப்போம். அவள் வேண்டுமென்றே மெல்ல மென்று, எங்களைக் காக்கவைத்து, "ம்... திங்கலாம்" என்பாள். மகள் சிறு பெண்ணாக இருந்தபோது பொறுக்கமாட்டாமல் அழுததும் உண்டு.

கடந்த ஆண்டு சித்திரையில் அவள் வழக்கம்போல் சேனை நட்டாள். ஆனி மழையில் அவள் கால்கள் வீங்கின. சிறுநீரகங்கள் இரண்டும் தம் பணியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன என்று போர்ட் பிளேர் மருத்துவமனையில் கூறினார்கள். டயாலிசிஸ் என வழங்கும் குருதித் தூய்மிப்பு வாரந்தோறும் தொடங்கியது. உணவைப் பற்றி அறிவுரை கூற ஓர் இளம்பெண் வந்தாள். தீவின் பொது மொழியாகிய இந்தியில், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அவள் சொன்னாள்:

"நாரியல் பந்த். கேலா பந்த். கட்டஹல் பந்த். ஜிமீகந்த், பில்குல் பந்த்."

தேங்காய், வாழை, பலா, சேனை. அப்பெண் எங்கள் கொல்லையை ஒருமுறையும் கண்டதில்லை. ஆயினும் ஒவ்வொரு மரமாகச் சுட்டிக்காட்டியது போலவே இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது மனைவி வழியோரத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்:

"பந்த்னா கடையத்தாங்க சாத்துவாங்க. இந்தப் புள்ள என் தோட்டத்தையே சாத்திட்டுப் போயிருச்சு."

"ஆப்பிள் உண்ணலாம் என்றார்களே."

"ஆப்பிளா? அதுவும் ஷிப்புல வரணும்."

அன்று முதல் அடுக்களை என் பொறுப்பாயிற்று. அதுவரை நான் அங்கே தேநீர் வைத்தது தவிர வேறெதுவும் செய்ததில்லை. காய்களைச் சாரம் நீக்கிச் சமைத்தால் சிறிதளவு தரலாம் என்று மருத்துவர் இசைந்திருந்தார். முந்திய தையில் தோண்டிப் பரணில் மணல் பரப்பி வைத்திருந்த சேனை மீதம் இருந்தது. வாழைக்காயும் மரவள்ளியும் இருந்தன. நான் நறுக்கினேன், ஊறவைத்தேன், வடித்தேன், மீண்டும் வடித்தேன்.

முதல் நாள் அவள் ஒரு துண்டை வாயிலிட்டு, மென்று, தட்டின் ஓரத்தில் கையூன்றி என்னைப் பார்த்தாள்.

"இது என்னதுங்க?"

"சேனை."

"இல்ல. சேனை எப்பவோ செத்துப்போச்சு. இது அதோட பொணம்."

மறுநாள் எலுமிச்சை பிழிந்தேன். மிளகைத் தட்டிப்போட்டுக் கறிவேப்பிலை தாளித்தேன்.

"இன்னைக்குப் பொணத்துக்குப் பூ வச்சிருக்கீங்க" என்றாள்.

அவளுக்கென்று தனிப் பாத்திரம் வைத்தால் மனம் புண்படுமென்று எண்ணி, இருவருக்கும் ஒரே உணவாகச் சமைத்தேன். நானும் அதையே உண்டேன். மிளகின் காரமும் எலுமிச்சையின் புளிப்பும் எனக்குத் தெரிந்தன. சுவை குன்றியிருந்தாலும் உண்ணத்தகாததாக இல்லை. என் கையால் சமைத்ததன்பால் எனக்குள்ள பரிவே அவ்வாறு தோன்றச் செய்கிறது என்று கருதிக்கொண்டேன்.

அவளுடைய ஏச்சுகள் நாள்தோறும் வளர்ந்தன. வடித்த நீரை நான் தொட்டியில் கொட்டுவதைக் கண்டு ஒருநாள் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "அந்தத் தண்ணியவாவது வாழைக்கு ஊத்துங்க. அதுக்காவது நாக்கு இருக்கு." இன்னொரு நாள் டயாலிசிஸ் முடிந்து களைத்துக் கிடந்தவள் கண்ணைத் திறவாமலே சொன்னாள்: "ஆஸ்பத்திரியில என்னைய வடிக்கிறாங்க. வீட்டுல நீங்க கெழங்க வடிக்கிறீங்க. வடிச்சதுக்கு வடிச்சது தீனி. நல்லாத்தான் இருக்கு நாயம்."

இவற்றுக்கு நான் நகைத்ததும் உண்டு. ஆனால் அவள் உண்பது குறைந்துகொண்டே வந்தது. இரண்டு கவளம், பிறகு ஒரு கவளம், பிறகு வெறும் கஞ்சி. வளையல்கள் முழங்கை வரை ஏறின. உண்ணாவிடில் உடல் தன் தசையைத் தானே தின்னத் தொடங்கும், அப்போது இந்தச் சிகிச்சையைத் தாங்கும் வலிமை இராது என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துக் கூறினார். நான் வீடு திரும்பி, மேலும் சிறிதாக நறுக்கினேன். மேலும் கவனமாகத் தாளித்தேன். அவள் மேலும் குறைவாக உண்டாள்.

மார்கழியில் சேனைத் தண்டுகள் சாய்ந்தன. தோண்டலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? நட்டவ திங்காம யாரு திங்கப்போறா? மண்ணுலயே கெடக்கட்டும்."

"மழை வந்தால் மீண்டும் முளைத்துவிடுமே."

"மொளைக்கட்டும். அதுக்காவது ஆயுசு கெட்டியா இருக்கட்டும்."

பொங்கலுக்கு மகள் சென்னையிலிருந்து வந்தாள். விமான நிலையத்தில் என்னைக் கண்டபோது சிரித்தவள், வீட்டுக்குள் நுழைந்து தாயைக் கண்டதும் குளியலறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். குரல் மிகவும் கலகலப்பாக இருந்தது.

"என்னம்மா, அப்பா சமையல் அவ்வளவு மோசமா?"

"ஒங்கப்பா சமைக்கலடி. தொவைக்கிறாரு. நல்லா அலசிப் பிழிஞ்சு கொண்டாந்து வைக்கிறாரு. கொடியில காயப்போடாததுதான் பாக்கி."

"நீ ஒழுங்கா சாப்பிட்டாத்தானே? சின்னப் புள்ளையா நீ?"

"அன்னைக்கு நீ தட்டு முன்னாடி அழுவியே, அப்ப நான் ஏதாச்சும் சொன்னனா?"

மறுநாள் தாயோடு மருத்துவமனைக்கு மகளே சென்றாள். மருத்துவரிடம் என்ன வாதாடினாளோ, ஓர் இசைவோடு திரும்பினாள். பொங்கலுக்கு மறுநாள் மீண்டும் டயாலிசிஸ் இருந்தது. அன்று காலையில், செல்வதற்குச் சற்று முன், சாரம் நீக்காத கிழங்கில் ஒரு சிறு துண்டு உண்ணலாம். ஒன்றே ஒன்று. உப்பு பெயரளவுக்கு.

"நெசமாவா சொன்னாரு?" என்று மனைவி பலமுறை கேட்டாள். பிறகு எழுந்து நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டு, "கடப்பாறை எங்க இருக்கு?" என்றாள்.

பொங்கலன்று மாலை தோண்டினோம். பலாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி இட்டு அவளை அமர்த்தினோம். மகள் மண்வெட்டியைப் பிடித்த விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. "தண்டுக்குக் கிட்டக் கொத்தாத! கெழங்கு காயம் பட்டுரும்! தள்ளி, தள்ளி... மெட்ராஸ்ல என்னத்தடி கத்துக்கிட்ட?" மண்ணைக் கையால் விலக்கியபோது கிழங்கு, கவிழ்த்த மண்சட்டி போல் வெளிப்பட்டது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். ஈரமண் புடவையில் ஒட்டியதை அவள் பொருட்படுத்தவில்லை. மகவைத் தட்டிக்கொடுப்பது போல் அதைத் தட்டித் தட்டி மண்ணை உதிர்த்தாள். அன்றிரவு கஞ்சியையும் முழுதாகக் குடித்தாள். நெடுநாளுக்குப் பின் எனக்கு நம்பிக்கை பிறந்தது. பழுது வடித்தலில் இருக்கிறது. இதில் ஒரு வாய் உண்டால் பசி திரும்பும். பசி திரும்பினால் அவளும் திரும்புவாள் என்று எண்ணிக்கொண்டு உறங்கினேன்.

மறுநாள் காலை அடுக்களை வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்து அவள் சொல்லச்சொல்ல நான் சமைத்தேன். துண்டுகளைப் பெரிதாக நறுக்கச் சொன்னாள். காறல் நீங்கப் புளியும் மஞ்சளும் இட்டு, அளவான நீரில் வேகவிடச் சொன்னாள். ஒரு துளி நீரையும் கொட்டக்கூடாது. மகள் தேங்காய் துருவிப் பால் எடுத்தாள். முதற்பாலைத் தனியே வைத்துவிட்டு, இரண்டாம் பாலில் கிழங்கைக் கொதிக்கவிட்டு, ரம்பை இலையை முடிச்சிட்டுப் போட்டோம். வறுத்த அரிசியையும் தேங்காயையும் எங்கள் மிளகையும் சேர்த்து இடித்த தூள். மாசிக்கருவாட்டுக்கு மாற்றாக, அவித்துக் காயவைத்த சூரைமீனின் தூள் ஒரு சிட்டிகை. இறுதியில் முதற்பால். என் கை தன்னையறியாமல் வடிதட்டை எடுத்தபோது, "கைய ஒடைப்பேன்" என்றாள். மூவரும் நகைத்தோம்.

வீடு முழுவதும் மணம் நிறைந்தது. தட்டில் ஒரு துண்டு, சிறிது குழம்பு, ஒரு கைப்பிடிச் சோறு. நானும் மகளும் பழைய நாள்களைப் போலவே எதிரே கைகட்டி அமர்ந்தோம். அவள் துண்டைச் சோற்றோடு பிசைந்து வாயிலிட்டாள். மெல்ல மென்றாள். எங்களைக் காக்கவைக்கிறாள் என்று எண்ணி மகள் புன்னகை செய்தாள்.

மென்றுகொண்டே இருந்தாள். பிறகு விழுங்கினாள். தட்டில் இருந்த குழம்பை ஒரு விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு முறை வைத்தாள்.

"வடிச்சீங்களா?"

"இல்லை. உன் கண்முன்தானே சமைத்தேன்."

"உப்பு போடலியா?"

"ஒரு சிட்டிகை போட்டோமே அம்மா. மொளகு காரமா இருக்கும், பாரு" என்றாள் மகள்.

மனைவி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப... வாய்தான்" என்றாள்.

அடுப்பில் குழம்பு மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து அதை அணைக்கும் நினைவும் எனக்கு வரவில்லை. சற்றுப் பொறுத்து அவளே, "ம்... திங்கலாம். நீங்க ரெண்டு பேரும் தின்னுங்க, ஆறிப்போவுது" என்று சொல்லி, கைகழுவ எழுந்தாள். நாங்கள் உண்டோம். மகளின் கண்ணீர் தட்டில் விழுந்தது. அந்தக் குழம்பு மிக நன்றாக இருந்தது. அவள் சமைத்த நாள்களில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் இயலவில்லை, சொல்லாதிருக்கவும் இயலவில்லை. "நல்லா இருக்கும்மா" என்று மகள் உரக்கச் சொன்னாள். கைகழுவும் இடத்திலிருந்து, "இருக்கும், இருக்கும். என் கெழங்கு" என்று விடை வந்தது.

குருதியில் கழிவு மிகும்போது நாவின் சுவையும் மங்கும் என்று, அன்று மருத்துவமனையில் நான் கேட்டதற்கு மருத்துவர் இயல்பாகக் கூறினார். பலருக்கும் நேர்வதுதான், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இதை முன்னரே அறிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அறியேன். அத்தனை மாதமாக அவள் என்மேல் சுமத்திய குற்றத்திலிருந்து நான் விடுவிக்கப்பட்டேன். அக்குற்றம் என்னுடையதாகவே இருந்திருக்கலாகாதா என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். வடித்தலில் பழுது இருந்தவரை, வடிக்காத ஒரு சேனை மண்ணுக்கடியில் அவளுக்காகக் காத்திருந்தது.

மகள் சென்னைக்குத் திரும்பினாள். உடன் வந்துவிடுமாறு எங்களை வற்புறுத்தினாள், தாய் மறுத்துவிட்டாள். "அங்க வந்து எதத் திங்கப்போறேன்? இங்கன்னா கண்ணாலயாவது பாத்துக்கிட்டுக் கெடப்பேன்."

அதன்பின் என் மனைவி ஒழுங்காக உண்ணத் தொடங்கினாள். நான் வைப்பதை வைத்தபடி உண்டாள். சேனையா, சேம்பா, வாழைக்காயா என்று கேட்பதில்லை. பிணமென்றும் பூவென்றும் ஒரு சொல் இல்லை. எடை சிறிது கூடியது. "பஹுத் அச்சா" என்று மருத்துவமனைத் தாதியர் என்னைப் பாராட்டினர். ஒருநாள் அவள் சினங்கொள்ள வேண்டுமென்றே, கிழங்கை அளவுக்கு மீறி வேகவைத்துக் கூழாக்கிக் கொண்டுபோய் வைத்தேன். கரண்டியால் எடுத்து உண்டுவிட்டு, தட்டை என்னிடம் நீட்டினாள். நான் அடுக்களைக்கு வந்து நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றேன்.

சித்திரையில் நடுகைக்கு உரிய நாள் வந்தது. எஞ்சிய சேனையை முளைக்கண்ணுள்ள துண்டுகளாக வெட்டி, சாணமும் சாம்பலும் தடவி நிழலில் உலர்த்தி வைத்தேன். அவள் கையால் ஒரு துண்டாவது நடட்டும் என்று நாற்காலியைக் குழியின் அருகே இட்டேன். துண்டை அவள் வாங்கவில்லை.

"நீங்க நடுங்க."

"நீ நட்டால்தானே முறை."

"மொற எதுக்கு வச்சாங்க? நட்டவங்க வாய்க்கு ருசி தெரியணும்ல. நீங்களே நடுங்க."

நான் நட்டேன். மண்ணை மூடும்போது, "அமுக்காதீங்க, மூச்சு முட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது மழைக்காலம். கடல் கொந்தளிப்பால் கப்பல் பிந்துகிறது. கடைகளில் வெங்காயம் இல்லை. சேனைத் தண்டுகள் குடைவிரித்து என் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டன. அவள் பின்வாயில் தாழ்வாரத்தில் அமர்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சென்ற வாரம் ஒருநாள், நான் தட்டை வைத்ததும், நெடுநாளுக்குப் பின் உணவைப் பற்றி ஒன்று சொன்னாள்.

"சூடு மட்டும் தெரியுதுங்க. நாக்குல படும்போது சுள்ளுனு. ஆறிப்போனா அதுவும் இல்ல. ஆறறதுக்குள்ள குடுங்க."

ஆகவே இப்போது எதையும் முன்கூட்டிச் சமைத்து வைப்பதில்லை. அவள் பசிக்கிறது என்று சொன்ன பின்னரே இரண்டாம் முறை வடித்த கிழங்கை மீண்டும் அடுப்பிலேற்றி, ஆவி பறக்க இறக்குகிறேன். அடுக்களைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே கூரை ஒழுகும் ஓரிடம் உண்டு; சாரலும் அங்கே அடிக்கும். தட்டை மற்றொரு தட்டால் மூடி, துணியால் இறுகப் பிடித்து, என் வயதுக்கு ஒவ்வாத வேகத்தில் நடக்கிறேன். நேற்று அவள் மூடியைத் திறந்தபோது ஆவி எழுந்து அவள் கண்ணாடியை மறைத்தது. அதைக் கழற்றாமலே ஒரு துண்டை எடுத்து, ஊதாமல், அப்படியே வாயிலிட்டாள்.